அந்தப் பதாகையை நான் கழற்றவில்லை

கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்றைக் கழற்றும்படி எனக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் கழற்றவில்லை. அதனால் உத்தியோகம் போனது. போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு இடையில் ஐயோ பாவம் என்று யாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நீங்கள் என்னைவிடக் கூடப் படித்தவர்கள். நெருக்கடி வந்தால் முதலில் யாரோடு பேசுவது, எவ்வளவு கெதியாக அறிக்கை விடுவது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்றெல்லாம் அம்புக்குறி போட்டுப் படம் கீறி வைத்திருக்கிறீர்கள். ஒரு பயிற்சி வகுப்பில் அந்தப் படத்தை எனக்கும் காட்டினார்கள். வடிவான படம்தான். ஆனால் ஒரு மனிதர் செத்துக் கிடக்கும் வீட்டுக்கு அதில் எந்த அம்புக்குறியும் போகவில்லை. ஆகவே அங்கே போன கதையை எழுதுகிறேன்.

நான் வேலை செய்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கொழும்பில். பால், பழச்சாறு, மரக்கறி என்று பலதையும் வாங்கி விற்பவர்கள். வடக்குக்கு நான்தான் பேச்சாளர். பால் பைக்கற்றின் விலை கூடினால் ஏன் கூடியது என்று சொல்வது நான். பழச்சாற்றுப் போத்தலுக்குள் ஏதோ மிதந்தது என்று யாராவது பேஸ்புக்கில் படம் போட்டால் பதில் எழுதுவதும் நான். சுன்னாகத்தில் எங்களுக்கு ஒரு குளிர்க் களஞ்சியம் இருந்தது. அதன் முன்பக்கத்தில் லொறிகளிலிருந்து மூட்டை இறக்குகிற கொட்டகை. மேலே பழைய அஸ்பெஸ்ரஸ் சீற். மாரி தொடங்கினால் ஒழுகும். அது ஒழுகுவது சுன்னாகத்திலும் தெரியும், கொழும்பிலும் தெரியும்.

மனோகரன் அந்தக் களஞ்சியத்தில் மின்வேலை பார்த்தவர். உரும்பிராய் ஆள். மின்வேலை என்று பெயர்தான். கதவு இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், குழாய் உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருடக் கணக்காக எங்கள் நிறுவனத்தின் பெயர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் வந்து பின்னேரம் போனவர். சம்பளம் மட்டும் ஒப்பந்தகாரர் ஒருவரின் கையால் போனது. இப்படி ஆட்களை வைத்திருப்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதற்கு என்ன கருத்து என்று ஆள் சாகும்வரை யாரும் யோசிப்பதில்லை.

மழை நாளொன்றில் அவர் அந்தக் கொட்டகைக் கூரையில் ஏறினார். சீற் உடைந்தது. கீழே சீமெந்து நிலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கிளை முகாமையாளர் ஜெயசீலன் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். நல்ல மனிதர், பயந்த சுபாவம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அழுதுகொண்டே அவர் ஒரு காரியத்தையும் செய்து முடித்திருந்தார். வேலைத்தலத்தில் ஒருவர் செத்தால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அச்சகத்தில் மெழுகுதிரியும் வெள்ளைப் பூவும் போட்ட பதாகை ஆயத்தமாகவே இருக்கும். படமும் பெயரும் கொடுத்தால் போதும். பிரேதம் வீட்டுக்கு வருவதற்கு முன்னரே களஞ்சியத்தின் கேற்றுக்குப் பக்கத்தில் பதாகை ஏறிவிட்டது. மனோகரன் சிரித்தபடி நிற்கிற படம். கீழே, "எமது களஞ்சியத்தின் ஊழியர் அமரர் மனோகரன் அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலிகள். துயர் பகிரும் நிர்வாகத்தினரும் சக ஊழியர்களும்." மூலையில் நிறுவனத்தின் இலச்சினை. இதற்கெல்லாம் இங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சாப்பிட்ட கையைக் கழுவுவதற்கு அனுமதி கேட்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

அதே நேரத்தில் கொழும்பில் நிறுவனத்தின் சட்டத்தரணி வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தார். அது எனக்கு மின்னஞ்சலில் வந்தது. குறித்த நபர் எமது நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்றும், அனுமதியின்றிக் கூரையில் ஏறியுள்ளார் என்றும் ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகிறோம் என்று இருந்தது. ஆழ்ந்த கவலையை நல்ல இடமாகப் பார்த்துச் செருகியிருந்தார்கள். அடியில் என் பெயர். நான் செய்யவேண்டியது அதை உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது மட்டும்தான்.

நான் அனுப்பவில்லை. விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று பதில் எழுதினேன். அவர்கள் நேரே அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பினாலும் இங்குள்ள பத்திரிகைக்காரர் என்னைத்தான் கூப்பிட்டு உண்மையோ என்று கேட்பார்கள். அது கொழும்புக்கும் தெரியும். பேச்சாளரின் பலம் இவ்வளவுதான், ஆனால் இது சின்னப் பலமில்லை. இதைச் சின்ன விஷயங்களில் செலவழித்துவிடாதீர்கள்.

அடுத்த உத்தரவு, செத்த வீட்டுக்கு நிறுவனத்தின் சார்பில் யாரும் போகக்கூடாது என்பது. போனால் பிழையை ஒப்புக்கொண்டதாகும் என்பது சட்டத்தரணியின் கணக்கு. அவர் படித்த ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குத்தான் அழைப்பு வேண்டும். வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களும் போகமாட்டார்கள். செத்த வீட்டுக்கு அழைப்பே இல்லை. கேள்விப்பட்டவர் போகவேண்டும். போகாதவரைப் பற்றி ஊரில் ஒரே ஒரு முடிவுதான் உண்டு, அவருக்கு அங்கே போக முகமில்லை. அதாவது போகாமல் விடுவதுதான் இங்கே ஒப்புதல் வாக்குமூலம். இதை நான் தொலைபேசியில் சட்டத்தரணிக்கு விளக்கினேன். அவர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன்.

நான் வேதக்காரி. மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள். சைவக் கிரியைகளில் எனக்குத் தெரியாதது நிறைய உண்டு. ஆனால் செத்த வீட்டில் எங்கே இருப்பது, எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் இங்கே தெரியும். ஆண்கள் வெளியே பந்தலுக்குள் இருந்தார்கள். களஞ்சியத்து ஆட்களும் அங்கே நின்றார்கள், உத்தரவு அவர்களுக்கும் போயிருந்தது, ஒருவரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. நான் உள்ளே போய்ப் பெண்களோடு இருந்தேன். மனோகரனின் மனைவி சிவரதி தலைமாட்டில் இருந்தார். அழுது முடிந்து முகம் வறண்டு போயிருந்தது. என்னைத் தெரியும் அவருக்கு. நிறுவனத்தின் விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுத்ததெல்லாம் நான்தானே. கையைப் பிடித்தார். அழுவார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டார்.

"அக்கா, அவரை ஆர் மேலை ஏறச் சொன்னது?"

"எனக்கு இன்னும் தெரியாது. விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"கெதியா விசாரியுங்கோ. செம்புக் கம்பி கழட்ட ஏறினவராம் எண்டு கதைக்கினம். என்ரை பிள்ளையள் பள்ளிக்கூடம் போகவேணும்."

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தான காலத்திலிருந்து செம்புக் கம்பிக் களவு எங்கும் நடந்தது. கூரையில் ஏறியது ஏன் என்று நிறுவனம் வாய் திறக்காவிட்டால், ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தைப் போட்டு நிரப்பும். எங்கள் சட்டத்தரணியின் அறிக்கை மட்டும் பத்திரிகையில் வந்திருந்தால் அந்தக் கதைக்கு முத்திரை குத்தியது போலாகியிருக்கும். ஊழியரும் இல்லையாம், அனுமதியும் இல்லையாம், பிறகு எதற்குக் கூரையில் நின்றவர்? நட்டஈடு ஒரு பக்கம் இருக்கட்டும். சிவரதிக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் புருஷன் கள்ளனில்லை, வேலைக்குப் போன இடத்தில் வேலை செய்து செத்தவர் என்பது, வேலை வாங்கியவர்களின் வாயாலேயே வரவேண்டும்.

செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழும்பி நேரே சுன்னாகத்துக்குப் போனேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிவரதியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததால் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மனம் உருகினால் மூளை வேலை செய்யவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மனோகரன் தன்பாட்டில் ஏறியிருந்தால், அதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் வேலையில் நல்லவர் பக்கம் நிற்கிறோம் என்ற நினைப்பில் பொய் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் பொய்யர்தான்.

களஞ்சியத்தின் மேற்பார்வையாளர் கொட்டகைக்குள் தனியே நின்றார். உடைந்த சீற் வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. யார் ஏறச் சொன்னது என்று கேட்டேன். ஒப்பந்தகாரரைக் கேளுங்கோ என்றார். கொழும்பிலிருந்து யாரோடும் கதைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் போகவில்லை, ஒரு மூட்டைக்கு மேலே இருந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழிய அவராகச் சொன்னார்.

"மழை இறங்கிவிட்டுது. வெங்காயம் முழுக்க இஞ்சை கிடந்தது. போன மாரிக்கு நனைஞ்சதுக்கு என்னட்டைத்தான் விளக்கம் கேட்டவை. நான்தான் அவரிட்டை, 'அண்ணை, ஒருக்கா ஏறிப் பொலித்தீனை விரிச்சு விடுங்கோ' எண்டனான்."

"ஏணி பிடிச்சது ஆர்?"

"நான்தான்."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கொண்டுபோய்ப் பலி கொடுப்பதும் என் நோக்கமில்லை. வெங்காயம் நனைந்தால் ஆளிடம் விளக்கம் கேட்டவர்கள், கூரை ஒழுகுவதற்கு யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. பிழை அங்கே தொடங்குகிறது.

இதற்கிடையில் கேற்றில் தொங்கிய பதாகையை யாரோ படமெடுத்துப் பேஸ்புக்கில் போட, அது கொழும்பில் சட்டத்தரணியின் கண்ணில் பட்டுவிட்டது. ஊழியர் என்ற சொல் நிறுவனத்தின் இலச்சினையோடு ஊர் பார்க்கத் தொங்குகிறது. கொழும்பிலிருந்து நிறுவனத்தின் பணிப்பாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். உடனே கழற்றும்படி சொன்னார். அவர் கெட்ட மனிதரில்லை, எனக்குப் பதவி உயர்வு தந்தவர், மரியாதையாகத்தான் கதைத்தார். நான் அவருக்கு விளங்குகிற கணக்கிலேயே சொன்னேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவரின் பதாகையில் இங்கே யாரும் கை வைப்பதில்லை, வைத்தால் நாளையிலிருந்து சுன்னாகத்திலும் உரும்பிராயிலும் எங்கள் பாலைக் கடைக்காரர் இறக்கமாட்டார்கள் என்றேன். மேலிடத்தோடு வாதாடும்போது முதலில் அவர்களின் நாணயத்தில் பேசிப் பாருங்கள். சிலவேளை அதுவே போதும். எனக்குப் போதவில்லை. அவர் கொஞ்சம் தயங்கினார், சட்டத்தரணி தயங்கவில்லை.

உத்தரவு என்னைத் தாண்டி ஜெயசீலனுக்குப் போனது. அவர் களஞ்சியத்து ஆட்களைக் கேட்டார். அவர்கள் மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள். பதாகை கட்டிய அச்சகத்துக்காரரைக் கேட்டார். முப்பத்தொண்டு கழியட்டும், நானே வந்து காசு வாங்காமல் கழற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு வேறு மாவட்டத்துக் கிளையிலிருந்து ஒரு வாகனத்தில் ஆட்களை அனுப்பினார்கள். வந்தவர்கள் இறங்கிப் பதாகையை அண்ணாந்து பார்த்தார்கள். செத்தவர் எப்படிச் செத்தவர் என்று காவலாளியிடம் விசாரித்தார்கள். காவலாளி தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, ஏணி கட்டை, எட்டவில்லை என்று கொழும்புக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கழற்றமுடியாது என்று கண்டதும் சட்டத்தரணி ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு உண்மையான சோதனை அதுதான். பதாகையைக் கழற்றவேண்டாம், அதைவிடப் பெரிதாக, நல்ல துணியில், புதிதாக ஒன்று அடித்து அதற்கு மேலே கட்டுவோம் என்றார். அதே படம், அதே பெயர், அதே கண்ணீர். ஊழியர் என்ற இடத்தில் மட்டும் எமது நலன்விரும்பி என்று இருக்கும். இத்தனை வருடம் எங்கள் கதவையும் குழாயையும் திருத்தியவர், செத்த கையோடு எங்களுடைய நலன்விரும்பி ஆகிவிட்டார். செலவைப் பற்றி யோசிக்கவேண்டாம் என்றும் சொன்னார்கள். வாசகத்தை நான் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தால் அறிக்கையிலிருந்து அனுமதியின்றி என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றும் ஆசை காட்டினார்கள்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருப்பீர்கள். அப்பட்டமான பொய்யை எழுதச் சொன்னால் மறுப்பது சுகம். அரைவாசி நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும்போதுதான் கை தடுமாறும். ஊருக்கு மரியாதை, நிறுவனத்துக்குப் பாதுகாப்பு, ஜெயசீலனுக்கு வேலை, எனக்கு ஓய்வூதியம். எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது, சிவரதியைத் தவிர. ஜெயசீலன் என் அறைக்கு வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடியே கெஞ்சினார்.

"அக்கா, ஒரு சொல்லுத்தானே. படமும் பேரும் அப்பிடியே இருக்கும்."

"அந்தச் சொல்லிலைதான் தம்பி அவரின்ரை பெண்சாதி பிள்ளையள் நிக்கினம்."

அவர் போனபிறகு அறிக்கையை எழுதினேன். மனோகரன் எங்கள் ஊழியர். எங்கள் களஞ்சியத்தில், மேற்பார்வையில் இருந்தவர்கள் பணித்தபடி, எங்கள் பொருட்களை மழையிலிருந்து காப்பதற்காகக் கூரையில் ஏறியபோது இறந்தார். அவரைப் பற்றிப் பரவும் வேறு எந்தக் கதையும் பொய். இவ்வளவுதான். ஆழ்ந்த கவலை என்று நான் எழுதவில்லை. கவலை இருந்தது, அதை விளம்பரப்படுத்தத் தோன்றவில்லை. நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். பத்திரிகையில் பார்த்து அறியக்கூடாது என்பதற்காக உடனேயே பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, நான் செய்ததைச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்யவில்லை, முகத்துக்கு முன்னால்தான் செய்தேன்.  அவர், உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றார். நானும் உங்களிடம் அந்த நலன்விரும்பியை எதிர்பார்க்கவில்லை என்றேன்.

நான் தொலைபேசியை வைக்க முன்னரே என் மின்னஞ்சலைப் பூட்டிவிட்டார்கள். இடைநிறுத்தம். ஒழுகுகிற கூரைக்கு அந்த வேகம் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை வந்திராது.

அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. செம்புக் கம்பிக் கதை அடங்கியது. ஆனால் நிறுவனம் விடவில்லை. அது பேச்சாளரின் தனிப்பட்ட கருத்து, நிறுவனத்தின் நிலைப்பாடு அல்ல என்று மறுப்பு விட்டார்கள். பதாகை மட்டும் மழையில் நனைந்தபடி அங்கேயே தொங்கியது. அந்தியேட்டி முடிந்த பிறகு களஞ்சியத்து ஆட்களே கழற்றி மடித்துச் சிவரதியின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பிறகு தொழில் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மனோகரன் யாருடைய ஊழியர் என்பதுதான் வழக்கு. சிவரதி மூத்த மகளோடு வந்திருந்தார். நிறுவனத்துக்காகக் கொழும்பிலிருந்து அதே சட்டத்தரணி. பதாகை, கிளையில் யாரோ உணர்ச்சிவசப்பட்டுக் கட்டியது என்றார். அறிக்கை, இந்த அம்மாவின் சொந்தக் கருத்து, நிறுவனம் அதற்குப் பொறுப்பில்லை என்றார். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் எழும்பினேன்.  

"பால் விலை கூடினதெண்டு இந்த வாயாலைதான் சொன்னனான். அப்ப அது கம்பனியின்ரை சொல்லு. போத்தலுக்கை ஒண்டுமில்லை, பயப்பிடாமல் குடியுங்கோ எண்டும் இந்த வாயாலைதான் சொன்னனான். அதுவும் கம்பனியின்ரை சொல்லு. ஒரு மனுசன் செத்ததைச் சொன்னால் மட்டும் அது என்ரை சொந்தச் சொல்லோ? இதைச் சொல்லேக்கையும் நான் உங்கடை பேச்சாளர்தான். திரும்பவும் சொல்லுறன், எழுதுங்கோ. அவர் எங்கடை ஆள்."

அதிகாரி எழுதினார். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனோகரன் நிறுவனத்தின் ஊழியரே என்று தீர்ப்பானது. பின்னொரு தவணையில் மேற்பார்வையாளரும் வந்து தான் சொன்னதை மறைக்காமல் சொன்னார். அவருக்கு வேலை போகாமல் ஜெயசீலன் நின்று பார்த்துக்கொண்டார், அந்தப் பயந்த மனிதர். எனக்கு, காலத்துக்கு முந்தி ஓய்வு பெற்றுக்கொள்ளலாம் என்று பண்பாக ஒரு வழி காட்டினார்கள். பெற்றுக்கொண்டேன். விசுவாசமில்லாதவள் என்று என்னைப் பற்றி இப்போதும் சொல்வார்களாம். சொல்லட்டும். விசுவாசம் என்றால் முதலாளி பொய் சொல்லும்போது கூடப் பாடுவது என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெருமை. ஆனால் நான் சாட்சி சொன்ன அன்று பின்னேரம் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் பாதியைத்தான் சொன்னவளாவேன்.

வெளியே வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சிவரதி படியடியில் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்கு ஆயத்தமாகவே போனேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏறச் சொன்னது ஆரெண்டு சொன்னியள், அக்கா. அது போதும். ஏறவேண்டாம் எண்டு சொல்லத்தான் அண்டைக்கு ஒருத்தரும் இருக்கேல்லை."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அந்தப் படியில் நின்றேன். இவ்வளவு வருடமும் நான் செய்தது, நடந்து முடிந்ததற்குச் சொல் தேடியதுதான். நல்ல சொல், நேர்மையான சொல், சரி. ஆனாலும் பிறகுதான். கொட்டகை ஒழுகுகிறது என்று எனக்கும் தெரிந்திருந்தது. ஒரு பேச்சாளர் நிறுவனத்துக்கு வெளியேதான் பேசவேண்டும் என்று யார் சொன்னது?

மழை தூறத் தொடங்கியது. எனக்குத் திடீரென்று ஒரு எண்ணம் வந்தது. ஓட்டோ ஒன்றை மறித்துச் சுன்னாகத்துக்கு விடச் சொன்னேன்.

கேற்றில் காவலாளி எழும்பி வந்தார். உங்களை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கினம் என்று சொல்லிக்கொண்டே கேற்றைத் திறந்துவிட்டார். கொட்டகை முழுக்க வெங்காய மூட்டை. உடைந்த சீற்றுக்குப் பதிலாகத் தகரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள், மற்றதெல்லாம் பழைய சீற்தான். கூரை விளிம்பில் ஏணி சாத்தியிருந்தது. மேலே, பொலித்தீன் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். புதிதாக வேலைக்கு எடுத்தவர், முன்பு நான் கண்டதில்லை. கீழே மேற்பார்வையாளர் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்.

"இறங்கும் தம்பி" என்று கத்தினேன்.

"மழை வருகுது. இதை விரிக்கச் சொல்லிச் சொன்னவை. ஆர் நீங்கள்?"

"கம்பனி சொல்லுது. இறங்கும்."

அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தி, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் சுருளை மேலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நிலத்தில் நின்றார். மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். அன்று வெங்காயம் முழுவதும் நனைந்தது.